பருவம் முடியும் கடலில்: முதல்முறை பாயேற்றுகிறவர்களுக்கு

துருக்கியின் தென்மேற்கு மூலையில், ஃபெத்தியே வளைகுடாவில் தொடங்கி கிழக்கே ஃபினிகே வரை போகும் கரைக்கு லிசியா என்பது பழைய பெயர். மலை நேராகக் கடலுக்குள் இறங்கும் ஊர் அது. பல குடாக்களுக்குச் சாலையே கிடையாது. படகில் போனால்தான் உண்டு. கோடையில் அந்தக் குடாக்களில் படகுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். அக்டோபர் பிறந்ததும் கூட்டம் கரைந்துவிடும், கடலின் வெதுவெதுப்பு மட்டும் மாறாது. வணிகக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், இந்தக் கரையில் சிறு பாய்ப்படகில் சுற்றுவதை வழக்கமாக்கிக்கொண்டவன் நான். சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் லண்டனிலிருந்தும் இளையவர்கள் கேட்கிறார்கள்: "ஒரு வாரம் லீவு இருக்கு அங்கிள், ஆறு பேர் சேர்ந்து ஒரு படகு எடுக்கலாமா?" தாராளமாக எடுக்கலாம். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து அக்டோபர் இருபதாம் தேதிக்குள் ஒரு வாரத்தைப் பிடியுங்கள். ஜூலை, ஆகஸ்டில் வடமேற்கிலிருந்து வெளுத்து வாங்கும் மெல்தெம் காற்று செப்டம்பர் பாதிக்குமேல் தளர்ந்துவிடும். கடல் நீர் 24, 25 டிகிரியில் இருக்கும். கோடை முழுக்க வாங்கிய வெப்பத்தை அது அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை. இரவில் மட்டும் குளிர் தட்டும், பனி இறங்கி மேல்தளம் நனையும். மேல்தளத்தில் படுக்க ஆசைப்படுகிறவர்கள் போர்வைக்கு மேல் ஒரு தார்ப்பாய்த் துண்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசிக்குத் தள்ளினால் மழையும் இடியும் கூடும். அதோடு அக்டோபர் 29 துருக்கியின் குடியரசு தினம். அந்த விடுமுறைக்கு உள்ளூர்க் குடும்பங்கள் கரைக்கு வந்து நிறைந்துவிடும்.

2. முதல்முறை போகிறவர்கள் படகை நடத்தும் ஸ்கிப்பரோடு போங்கள். உங்களில் ஒருவர் டே ஸ்கிப்பர் சான்றிதழ் வாங்கியிருந்தாலும் இதைத்தான் சொல்வேன். சான்றிதழ் படகை ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கும். இந்தக் கரையில் எந்தக் குடா எந்தக் காற்றுக்கு ஆகாது என்பதை அங்கேயே வாழ்கிறவர்தான் சொல்ல முடியும். அவருக்கு ஒரு தனி அறை, மூன்று வேளைச் சாப்பாடு இரண்டையும் கணக்கில் சேர்த்துத் திட்டமிடுங்கள். ஆறு பேருக்கு மூன்று அறைப் படகை எடுத்துவிட்டு ஸ்கிப்பரைக் கூடத்தில் படுக்க வைப்பது சரியில்லை. ஏழு நாளும் உங்கள் உயிர் அவர் கையில். அவர் நன்றாகத் தூங்க வேண்டும்.

3. ஒரு நாளைக்கு 15 கடல் மைல் போதும். பாயில் நான்கு, ஐந்து நாட் வேகம் வந்தால் அது மூன்று நான்கு மணி நேர ஓட்டம். இதைச் சோம்பல் என்று நினைக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். வரைபடத்தை விரித்து, ஃபெத்தியே வளைகுடாவில் உள்ள கோஜெக்கில் புறப்பட்டு ஃபினிகே வரை போய் ஒரே வாரத்தில் திரும்புகிற மாதிரி புள்ளி வைப்பார்கள். கோடையில்கூட அது ஓட்டமும் பெருநடையுமாகத்தான் முடியும். அக்டோபரில் ஒரே ஒரு நாள் காற்று திரும்பினால் போதும், மொத்தக் கணக்கும் சரிந்துவிடும். அதை ஈடுகட்ட மறுநாள் போகக்கூடாத கடலில் போக வேண்டியிருக்கும். பருவக் கடைசியில் நடக்கும் விபரீதங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் புயலைவிட ஒரு கால அட்டவணைதான் இருக்கும். மெதுவாகப் போகிறவருக்கு எந்த நாளும் 'இன்று வேண்டாம்' என்று சொல்ல இடம் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கோஜெக்கில் படகு எடுத்தால் ஃபெத்தியே வளைகுடாவுக்குள்ளேயே சுற்றுங்கள். பன்னிரண்டு தீவுகள் என்று அழைக்கப்படும் தீவுக்கூட்டமும், அவற்றுக்கு மேற்கே வரிசையாக இருக்கும் குடாக்களும் ஒரு வாரத்துக்குத் தாராளம். தண்ணீரில் அமிழ்ந்த பழைய ஊர் இருக்கும் கெகோவாவைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் காஷ் ஊரிலிருந்து தொடங்குங்கள். இரண்டையும் இணைக்க நினைத்தால் நடுவில் யெடிபுருன்லார், அதாவது ஏழு முனைகள், குறுக்கே நிற்கும். ஓலுடெனிஸைத் தாண்டியதிலிருந்து கல்கான் வரும்வரை முப்பது கடல் மைலை ஒட்டிய தூரம். ஒதுங்க நல்ல இடம் கிடையாது. மலை முட்டித் திரும்பும் அலையும் வரும் அலையும் மோதி, காற்றில்லாத நாளிலும் படகை உலுக்கும். பழகிய மாலுமிகள் அதை அதிகாலையில் மோட்டாரைப் போட்டுக் கடந்துவிடுவார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு அது தேவையே இல்லை.

4. ஒவ்வொரு குடாவையும் தெற்குக் காற்றை மனதில் வைத்துப் பாருங்கள். கோடைக்காலக் காற்று மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வருவதால், அந்தக் காற்றுக்கு மறைவாக இருக்கும் குடாவைத்தான் எல்லோரும் நல்ல குடா என்பார்கள். கையேடுகளிலும் அப்படித்தான் இருக்கும். இலையுதிர்காலத்தில் லோடோஸ் என்னும் தென்காற்று தலைகாட்டத் தொடங்கும். ஆகஸ்டில் குளம்போல் கிடந்த இடம் அப்போது அலை நேராக உள்ளே ஏறும் பொறியாகிவிடும். படங்களில் பார்த்து எல்லோரும் ஆசைப்படும் பட்டாம்பூச்சிப் பள்ளத்தாக்கு அப்படிப்பட்ட இடம்: இருபுறமும் செங்குத்துப் பாறை, வாய் கடலைப் பார்த்துத் திறந்தபடி. பகலில் இறங்கிக் குளித்துவிட்டு வாருங்கள், இரவு தங்காதீர்கள்.

லோடோஸ் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வரும். காற்றழுத்தமானியில் அழுத்தம் படிப்படியாக இறங்கும். தென்மேற்கில் மெல்லிய உயர்மேகம் பரவும், காற்றில் புழுக்கம் ஏறும். காற்றே இல்லாதபோதும் தெற்கிலிருந்து நீளமான, தாழ்ந்த அலைவீச்சு வந்து படகைத் தாலாட்டும். அந்த அலைவீச்சைத்தான் புதியவர்கள் தவறவிடுவார்கள். 'கடல் நன்றாக இருக்கிறதே' என்று தோன்றவைக்கும் அலை அது. இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் ஸ்கிப்பர் கேட்பதற்கு முன்பே நங்கூரம் எடுக்கத் தயாராகுங்கள். ஒதுங்கும் இடங்கள் நான்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: கோஜெக், காஷ் மெரினா, கெகோவாவின் ஊச்சாஸ், ஃபினிகே மெரினா. எந்த நாளும் இவற்றில் ஒன்று அரைநாள் தூரத்தில் இருக்கட்டும். காஷ் ஊரில் பழைய துறைமுகம் ஒன்றும், 2011-இல் திறந்த மெரினா இன்னொன்றும் உண்டு. தென்காற்று நாளில் மெரினாவுக்குப் போங்கள். உணவகங்களுக்குப் பக்கம் என்பதற்காகப் பழைய துறைமுகத்தில் கட்டாதீர்கள்.

மத்தியதரைக் கடலில் புயல் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2020 செப்டம்பரில் இயானோஸ் என்ற புயல் கிரீஸின் அயோனியத் தீவுகளில் புகுந்து, குடாக்களில் நின்ற பல பாய்ப்படகுகளைக் கரையில் தூக்கிப் போட்டது. அப்படிப்பட்டது அரிது. ஆனால் கடல் சூடாக இருக்கும் இந்த மாதங்களில் அது வரக்கூடும்.

5. பிற்பகல் மூன்று மணிக்குள் நங்கூரம் கீழே இருக்க வேண்டும். அக்டோபர் நடுவில் ஆறரைக்குள் சூரியன் மறைந்துவிடும். மலை நிழல் அதற்கும் முன்பே குடாவை மூடிவிடும். மூன்று மணிக்கு வந்தால் இடம் பிடிக்காவிட்டாலும் அடுத்த குடாவுக்குப் போக வெளிச்சம் இருக்கும். இடிமேகங்கள் மலைமேல் திரள்வதும் பெரும்பாலும் பிற்பகலில்தான்.

6. இந்தக் கரையில் நங்கூரம் போடுவது தனி வேலை. நம் ஊர்க் கரையோரம் சாய்வாக ஆழமாகும். இங்கே மலையின் சரிவு தண்ணீருக்கு அடியிலும் அப்படியே தொடரும். பாறையிலிருந்து ஒரு படகு நீளம் தள்ளினாலே பத்து மீட்டர், இன்னும் சற்றுத் தள்ளினால் இருபது. நடுவில் நங்கூரம் போட்டுச் சுற்றிவர இடம் இருக்காது. அதனால் முன்பக்கம் நங்கூரம், பின்பக்கம் கரைக்குக் கயிறு.

வேலை நடக்கும் விதத்தைச் சொல்கிறேன், உங்கள் பங்கு என்ன என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும். ஸ்கிப்பர் படகின் பின்புறத்தைக் கரைக்குத் திருப்புவார். கரையிலிருந்து நாற்பது ஐம்பது மீட்டர் தள்ளி, முன்னால் நிற்பவர் நங்கூரத்தை விடுவார். படகு பின்னால் போகப் போக, சங்கிலியும் அதே வேகத்தில் இறங்க வேண்டும். அவசரத்தில் மொத்தத்தையும் கொட்டினால் அடியில் குவியலாக விழுந்து பிடிக்காது. இழுத்துப் பிடித்தால் நங்கூரம் தரையில் உராய்ந்துகொண்டே வரும். நீச்சல் தெரிந்த ஒருவர் கயிற்றின் நுனியோடு பின்னேணியில் காத்திருப்பார். அவர் காலில் ரப்பர் செருப்பு கட்டாயம்: கரைப்பாறையில் கடல்முள்ளெலிகள் ஒட்டியிருக்கும், முள் குதிகாலில் ஏறினால் அன்றோடு அவருடைய விடுமுறை முடிந்தது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நீந்தக்கூடாது. நுனியில் ஒரு வளையம் போட்டு விரலில் பிடித்தால் போதும், இழுபட்டால் விட்டுவிடலாம். கரையில் இரும்புக் கட்டுத்தூண் இருந்தால் அதில், இல்லாவிட்டால் அசையாத பாறையில் கட்டுங்கள். மரத்தில் கட்டாதீர்கள். கோஜெக் பகுதியில் அது தடை. தடை இல்லாத இடத்திலும் பைன் மரத்தின் பட்டையைக் கயிறு அறுத்துவிடும். சுண்ணாம்புப் பாறை கத்திபோலக் கூரானது என்பதால் கயிறு உரசும் இடத்தில் பழைய தோட்டக் குழாய்த் துண்டைக் கோத்துவிடுங்கள். கடைசியாக ஸ்கிப்பர் மோட்டாரை முன்னோக்கிப் போட்டுக் கரைக்கயிற்றைச் சோதிப்பார், பிறகு பின்னோக்கிப் போட்டுச் சங்கிலியைச் சோதிப்பார். அது முடியும்வரை யாரும் பீர் திறக்க வேண்டாம்.

7. நங்கூரம் போடும் இடத்தில் தண்ணீருக்குள் கரும்பச்சைத் திட்டு தெரிந்தால் அது பொசிடோனியா கடற்புல். மீன் குஞ்சுகள் வளரும் இடம். ஒருமுறை பிடுங்கப்பட்டால் மீள வெகுகாலம் ஆகும். நங்கூரமும் அதில் சரியாகப் பிடிக்காது. வெளிர்நிற மணல் திட்டைத் தேடிப் போடுங்கள்.

8. காற்று ஐந்து நாட் இருந்தாலும் பாயை ஏற்றுங்கள். அக்டோபரில் பெரும்பாலான நாட்களில் காலை வெறுமையாக இருக்கும். பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு நிலத்துக்கும் கடலுக்கும் இடையில் மெல்லிய காற்று எழும். அதற்குள் பொறுமை போய் மோட்டாரைப் போட்டுவிடுகிறார்கள். மணிக்கு இரண்டு மைல் போனால் என்ன? சத்தமே இல்லாமல் ஒரு மலையைக் கடந்து போகும் அந்த மதியங்களுக்காகத்தான் இந்த மாதத்தில் வருகிறோம். சுக்கானை ஆளுக்கு அரைமணி நேரம் பிடியுங்கள். மெல்லிய காற்றில் பிடித்துப் பழகியவருக்கு, கொஞ்சம் திருப்பினால் என்ன ஆகும், திருப்பாமல் விட்டால் என்ன ஆகும் என்பது உள்ளங்கையிலேயே தெரியும். பலத்த காற்றில் அதைக் கற்க முடியாது.

இந்தக் கரையில் இப்படி மெதுவாகச் சுற்றுவதற்குத் துருக்கியர்களிடமே ஒரு மரபு இருக்கிறது. எழுத்தாளர் ஜெவத் ஷாகிர் கபாகாச்லி 1925-இல் போத்ரும் ஊரில் போய் வாழும்படி தண்டிக்கப்பட்டார். தண்டனையாக வந்த இடத்தைச் சொந்த ஊராக்கிக்கொண்டு, 'ஹலிகார்னசஸ் மீனவன்' என்ற புனைபெயரில் எழுதினார். அவரும் நண்பர்களும் எளிய படகுகளில் இந்தக் குடாக்களைச் சுற்றினார்கள். அந்தக் குழுவிலிருந்த அஸ்ரா எர்ஹத் அதைப் பற்றி 1962-இல் எழுதிய நூலின் தலைப்பு 'நீலப் பயணம்'. இன்று அந்தப் பெயரைச் சொல்லிச் சுற்றுலா விற்கிறார்கள். ஆனால் ஃபெத்தியே வளைகுடாவில், கவிஞரும் ஓவியருமான பெத்ரி ரஹ்மி ஒரு பாறையில் வரைந்த மீனை இப்போதும் பார்க்கலாம். குடாவுக்கே அவர் பெயர் வந்துவிட்டது. ஒரு பிற்பகலை அங்கே செலவிடுங்கள்.

9. குடாக்களில் மரப்பலகைத் துறை வைத்திருக்கும் உணவகங்களைக் காண்பீர்கள். அங்கே படகு கட்ட வழக்கமாகக் காசு கேட்க மாட்டார்கள். இரவு அவர்களிடம் சாப்பிட வேண்டும், அதுதான் ஒப்பந்தம். பருவக் கடைசியில் சில மூடியிருக்கும், சில பாதி திறந்திருக்கும். காலையிலேயே ஸ்கிப்பரிடம் சொல்லிப் போன் போடச் சொல்லுங்கள். இரண்டு நாளுக்கான அரிசி, பருப்பு, முட்டை எப்போதும் படகில் இருக்கட்டும். சமையல்காரர் இருப்பதைக் கொண்டு செய்வார். மெனு கார்டைக் காட்டி விவாதிக்காதீர்கள். கோடை முழுக்க ஓய்வில்லாமல் உழைத்த மனிதர்கள், சீசன் முடிந்து வீடு திரும்பக் காத்திருப்பவர்கள். அக்டோபரில் அந்தக் கரையில் மாதுளை பழுத்திருக்கும். கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

10. மீன்பிடிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தூண்டிலில் வெள்ளிநிறப் பக்கமும் புள்ளி முதுகும் கொண்ட மீன் ஏறி, வயிற்றை ஊதினால் அது பேத்தை. நம் கடல்களில் இருக்கும் இனம்தான். சூயஸ் கால்வாய் வழியாகப் போய்ச் சேர்ந்து, 2003-இல் இந்தக் கரைக்கு வடமேற்கே கோகோவா வளைகுடாவில் முதலில் பதிவானது. அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது, ஆளைக் கொல்லும். பல்லும் தூண்டில் கம்பியைக் கடிக்கும் வலுவுள்ளது. கையால் தொடாமல் கயிற்றை அறுத்துவிடுங்கள்.

11. காஷிலிருந்து கிழக்கே போனால் உலுபுருன் முனையைக் கடப்பீர்கள். பார்க்க ஒன்றும் இல்லாத வெறும் பாறைமுனை. 1982-இல் கடற்பஞ்சு எடுக்க முக்குளித்த ஒருவர் அடியில் காது வைத்த உலோகத் தகடுகளைக் கண்டார். 1984 முதல் 1994 வரை ஆய்வாளர்கள் மூழ்கி மூழ்கி எடுத்தது, கி.மு. பதினான்காம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்த ஒரு வணிகக் கப்பலின் சரக்கு: பத்து டன் செம்பு, ஒரு டன் வெள்ளீயம், கண்ணாடிக் கட்டிகள், யானைத் தந்தம். எல்லாம் இன்று போத்ரும் அருங்காட்சியகத்தில். அவ்வளவு சரக்கு ஏற்றிய கப்பலே இங்கே மூழ்கியிருக்கிறது. முனையிலிருந்து நன்றாக விலகிக் கடந்து போங்கள்.

12. கெகோவாவில் இரண்டு இரவாவது தங்குங்கள். கரைக்கு இணையாக நீண்டு கிடக்கும் தீவு, வெளிக்கடலைத் தடுத்து உள்ளே ஓர் ஏரியை உண்டாக்கியிருக்கிறது. தீவின் வடகரையில், பழைய நிலநடுக்கங்களில் அமிழ்ந்த ஊரின் படிக்கட்டுகளும் சுவர் அடித்தளங்களும் தண்ணீருக்குள் இறங்குவது தெரியும். அங்கே நீந்தவும் முக்குளிக்கவும் நங்கூரம் போடவும் தடை. மெதுவாகக் கடந்தபடி பாருங்கள். யாரும் பார்க்கவில்லை என்று குதிக்காதீர்கள். எதிர்க்கரையில் காலேகோய் கிராமத்துக்குச் சாலை கிடையாது. அங்கே முழங்கால் அளவுத் தண்ணீரில் ஒரு லிசியக் கல்லறைப் பேழை, கவிழ்த்த படகு வடிவ மூடியோடு தனியாக நிற்கும். இந்தக் கரையில் ஓதம் பெரிதாக ஏறி இறங்குவதில்லை, அதனால் காலையும் மாலையும் தண்ணீர் அந்தக் கல்லில் ஏறத்தாழ அதே உயரத்தில்தான் நிற்கும். கிராமத்துக் கோட்டை மேல் ஏறிப் பார்க்கச் சிறுவர்களையும் கூட்டிப் போகலாம். தென்காற்று வந்தாலும் ஊச்சாஸ் குடா நாலாபுறமும் அடைந்த இடம். அங்கே கவலையில்லாமல் தூங்கலாம்.

13. காஷுக்கு எதிரே கைக்கெட்டும் தூரத்தில் தெரியும் மெயிஸ் தீவு கிரீஸைச் சேர்ந்தது. நினைத்தவுடன் படகைத் திருப்பிப் போக முடியாது: துருக்கியில் வெளியேறும் முத்திரை, கிரீஸில் நுழைவு முத்திரை, இந்திய பாஸ்போர்ட் என்றால் செங்கன் விசா. திரும்பி நுழைய உங்கள் துருக்கி விசா இடம் கொடுக்கிறதா என்பதையும் புறப்படும் முன்பே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

14. கழிவறைத் தொட்டியைக் குடாவுக்குள் திறக்காதீர்கள். துருக்கியில் படகுகளுக்கு நீல அட்டை உண்டு. கழிவை மெரினாவின் உறிஞ்சு நிலையத்தில் கொடுத்து அதில் பதிய வேண்டும். குளிக்க இறங்கும் தண்ணீர் அது.

15. இரவில் மேல்தளத்துக்குத் தனியாகப் போகிறவர் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு போக வேண்டும். படகு கட்டியிருந்தாலும் இதில் விலக்கு இல்லை.

16. படகில் ஏறிய முதல் மணி நேரத்தில் ஸ்கிப்பர் ஒவ்வொன்றாகக் காட்டுவார்: தீயணைப்பான், கேஸ் சிலிண்டர் வால்வு, ரேடியோவில் 16-ஆம் சானல், ஆள் கடலில் விழுந்தால் செய்ய வேண்டியது. அந்த ஒரு மணி நேரம் எல்லோரும் போனைக் கீழே வையுங்கள். ஸ்கிப்பரே தண்ணீரில் விழுந்தால் ரேடியோவை எடுக்கத் தெரிந்தவர் குறைந்தது இருவர் இருக்க வேண்டும்.

17. கடைசியாக விமான டிக்கெட். படகைத் திருப்பித் தரும் நாளின் மாலையிலேயே தலமான் விமான நிலையத்தில் ஏறுகிற மாதிரி போடாதீர்கள். ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். அந்த ஒரு நாள் கையில் இருந்தால்தான் காற்று மாறிய காலையில் ஸ்கிப்பர் 'இன்று இங்கேயே இருப்போம்' என்று சொல்லும்போது ஆறு பேரும் மனதார 'சரி' என்று சொல்வீர்கள். டிக்கெட் போடும் முன் இதை உங்கள் கூட்டத்தில் எல்லோரிடமும் பேசி முடிவு செய்துவிடுங்கள்.